பக்கத்து சீட்டில் இன்னொரு பிரேக்

கார் செத்து நாலு நாள் ஆகியிருந்தது. கொன்றது ஒரு நர்ஸ் என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது.

"கடைசியா பார்த்த டாக்டரை யாரும் கேக்கலையா?" என்றான் அசிஸ்டென்ட்.

"அவர்தாங்க தீர்ப்பையே எழுதினது" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த உயரமான பெண்.

துப்பறியும் அலுவலகம் என்பது வீட்டின் முன்னறைதான். நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. அலுவலகத்தை நடத்துகிறவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் அசிஸ்டென்ட்டின் மனைவி, இந்தப் பக்கம் முதலாளி. காலை பத்து மணிக்குத் தடுப்பைத் தாண்டியதும் 'என்னங்க' போய் 'அசிஸ்டென்ட்' வந்துவிடும். அதட்டல் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவு.

முதலாளி பேனாவை மூடி வைத்தாள். "டீச்சர், முதல்லேர்ந்து சொல்லுங்க."

அந்த உயரமான பெண் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஒரே ஆள், ஒரே கார். படிக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

"கிளட்ச் மாத்தறதுக்காக வண்டியைப் பட்டறையில விட்டேன் மேடம். கத்துக்கறவங்க வருஷத்துக்கு ஒரு கிளட்ச்சைத் தின்னுடுவாங்க. சனிக்கிழமை காலையில எடுத்தேன். நேரா நர்ஸ் வீட்டுக்குப் போனேன். அவங்களை ஓட்டச் சொல்லிட்டு நான் பக்கத்து சீட்டுக்கு மாறினேன். பத்து நிமிஷம்கூட ஆகலை. பானெட்லேர்ந்து ஆவி. இன்ஜின் அப்படியே இறுகிப்போச்சு."

"காரணம்?"

"ரேடியேட்டர் உடைஞ்சு தண்ணியெல்லாம் ஒழுகியிருக்கு. பம்பரோட அடியில ஒரு விரிசல். குனிஞ்சு பார்த்தாதான் தெரியும். நான் எடுக்கும்போது குனியலை. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு கையெழுத்து வேற போட்டுட்டேன்."

"கல்யாணப் பதிவேட்டுல நானும் அப்படித்தான் போட்டேன்" என்றான் அசிஸ்டென்ட். "குனிஞ்சு பார்க்கலை."

முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. "பட்டறைக்காரர் என்ன சொல்றார்?"

"நர்ஸ் எங்கேயோ கொண்டுபோய் இடிச்சுட்டாங்களாம். நஷ்ட ஈடு கேட்டதுக்கு, 'கத்துக்குடுக்கறவளே முதல்ல கத்துக்கணும்'னு நாலு பேர் முன்னால சிரிச்சார். அது ஊர் பூரா பரவியாச்சு. என்னை விடுங்க. அந்த நர்ஸுக்கு வீடு வீடா போய்ப் பார்க்கற வேலை கிடைச்சிருக்கு. லைசென்ஸ் இல்லைன்னா அது போயிடும். இப்ப என்னடான்னா, 'நான்தான் வண்டியைக் கொன்னுட்டேன், மாசாமாசம் கட்டறேன், இனிமே ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்'னு அழறாங்க. ரெண்டு வாரத்துல டெஸ்ட். அவங்களோட சேர்த்து ஏழு பேர். வண்டி இல்லை, பேரும் இல்லை. எனக்கு ரெண்டும் திரும்பி வரணும்."

முதலாளி பேனாவைத் திறந்தாள். "அன்னிக்குப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்தீங்களே, ஏதாவது வித்தியாசமா இருந்துதா?"

"முட்டி முன்னால இடிச்சுது. சீட்டை யாரோ கடைசி வரைக்கும் முன்னால இழுத்து வெச்சிருந்தாங்க. எனக்குன்னு ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, பின்னால வர்ற வண்டியைப் பார்க்க. அதுவும் கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. மெக்கானிக் வேலை பார்த்திருப்பாங்கன்னு சரி பண்ணிக்கிட்டேன்."

"வேலை பார்க்கறவன் இடம் வேணும்னு சீட்டைப் பின்னால தள்ளுவான்" என்றாள் முதலாளி. "முன்னால இழுக்கறவன், உட்கார்றவன்."

"அதுவும் குட்டையானவன்" என்றான் அசிஸ்டென்ட்.

"உங்க பக்கத்து சீட்டுக்கு முன்னால என்ன இருக்கு டீச்சர்?"

"இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச். கத்துக்கறவங்க தப்புப் பண்ணினா நான் மிதிக்கறதுக்கு."

முதலாளி எழுந்து கார் சாவியை எடுத்தாள். அசிஸ்டென்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். ஒன்பது வருஷமாக அவன் சீட் அதுதான். யாராவது கேட்டால் "எனக்கு டிராஃபிக் அலர்ஜி" என்பான். பழகுநர் லைசென்ஸ் மூன்று தடவை எடுத்து மூன்றும் அலமாரியிலேயே காலாவதியான கதை அவனுக்கும் அலமாரிக்கும் மட்டும் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

பட்டறை வாசலில் 'இன்ஜின் டாக்டர் – இரண்டு தலைமுறை' என்று ஆள் உயரப் பலகை. உள்ளே ஆள் அகலத்தில் டாக்டர். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் நிஜ ஸ்டெதாஸ்கோப். ஒரு வண்டியின் இன்ஜினில் அதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூச்சை இழுத்து விடச் சொல்லலையா?" என்று கிசுகிசுத்தான் அசிஸ்டென்ட்.

முதலாளி தன் காரைச் சரியாக நடு வாசலில் நிறுத்தியிருந்தாள். ஈ உள்ளே போகலாம், இன்னொரு வண்டி போக முடியாது.

டாக்டர் கண் திறந்தார். வந்த விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சரம்மா உங்களைப் பிடிச்சுட்டாங்களா? அம்மா, நான் பிணத்தைக்கூடப் பார்த்துட்டேன். அதோ நிக்குது. நான் அனுப்பும்போது இதயம் குதிரை மாதிரி ஓடிச்சு. பழகாத கையில குடுத்தாங்க, எங்கேயோ முட்டிச்சு, போச்சு. நஷ்ட ஈடு நான் கேக்கணும், என் கைராசி கெட்டதுக்கு."

மூலையில் டீச்சரின் சின்ன நீலக் கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. முதலாளி குனிந்து பம்பரின் அடியைப் பார்த்தாள். விரிசலின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு அசிஸ்டென்ட்டிடம் நீட்டினாள்.

"சிமென்ட்" என்றான் அவன். "இல்லைன்னா நேத்து நீங்க பண்ணின அல்வா."

அவள் முற்றத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். சுவர் ஓரமாக, பஞ்சர் பார்ப்பதற்கான சிமென்ட் தண்ணீர்த் தொட்டி. முழங்கால் உயரம். அதற்கு நாலடி தள்ளி, எண்ணெய்க் கறை படிந்த தரையில் சுத்தமாக வெளிறிய ஒரு சதுரம். தொட்டி வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த இடம்.

"டாக்டர், இந்தத் தொட்டி ஏன் இடம் மாறிச்சு?"

"காத்துக்காக" என்றார் டாக்டர்.

"தண்ணிக்கு வேர்க்கும் இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே அசிஸ்டென்ட் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டான். சுவர்ப் பக்கம் விளிம்பு உடைந்திருந்தது. ஒரு சில்லு கையோடு வந்தது. அதில் கார் பம்பரின் நீலம் தீற்றியிருந்தது. "பாவம், மூஞ்சி அடிபட்டதால வெக்கப்பட்டுச் சுவரைப் பார்த்து நிக்குது."

பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றது. முதலாளி வேலையாட்களைப் பார்த்தாள். நாலு பேர். மூன்று பேர் நல்ல உயரம். நாலாவது ஆள், தலைமை மெக்கானிக். மாஸ்டர் என்பார்கள். டாக்டரின் கோட்டுப் பாக்கெட் உயரம்தான் இருந்தார்.

"மாஸ்டர், அந்த சீட்டுல உட்கார்ந்தா உங்களுக்குக் கால் எட்டுமா? முன்னால இழுக்கணுமா?"

அவ்வளவுதான். மாஸ்டர் இரண்டடி முன்னால் வந்தார். "நான்தான் மேடம். வெள்ளிக்கிழமை டிரையல் பார்த்தேன். தொட்டியில இடிச்சுட்டேன். நான் மட்டும்தான். வேற யாருமே இல்லை."

அடுத்த நொடியே டாக்டரின் விரல் வாசலைக் காட்டியது. "என்கிட்ட மறைச்சியாடா பாவி? இப்பவே வேலையை விட்டு நிக்கறே! அம்மா, பார்த்தீங்க இல்ல, பட்டறைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. கேக்காம எடுத்து ஓட்டியிருக்கான். நஷ்ட ஈட்டை இவன்கிட்டயே வாங்கிக்குங்க."

கேட்ட மாத்திரத்தில் குற்றவாளி கிடைத்துவிட்டார். கேட்காமலே வேலை நீக்கமும் கிடைத்துவிட்டது. மாஸ்டரின் முகத்தில் கோபம் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரின் களைப்புதான் இருந்தது.

முதலாளி அசிஸ்டென்ட்டை ஓரமாகக் கூப்பிட்டாள். "என்ன தோணுது?"

"தலைமை மெக்கானிக். தொட்டியில இடிக்கறாரு. சமையல்காரர் சாம்பார்ல விழுந்த மாதிரி இருக்கு."

"அதோட அவர் சீட்டை இழுத்துப் போட்டது பக்கத்து சீட்டுல. கண்ணாடியைத் திருப்பினதும் அங்கேதான். ஸ்டியரிங் இல்லாத இடத்துல உட்கார்ந்துக்கிட்டு ஒருத்தர் எப்படித் தனியா ஓட்ட முடியும்? அவர் ஓட்டலை. கத்துக்குடுத்தார்."

"யாருக்கு? இங்கே இருக்கற எல்லாரும் தூக்கத்துலகூட ஓட்டுவாங்களே."

அசிஸ்டென்ட் நெற்றியைத் தேய்த்தபடி ஆபீஸ் அறைச் சுவரைப் பார்த்தான். சட்டம் போட்ட படங்கள், இருபத்திரண்டு. டாக்டர் சிவப்புக் காரோடு, லாரியோடு, யாரோ பெரிய மனிதரின் நீளமான காரோடு. ஒவ்வொன்றிலும் பானெட் மேல் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. சில படங்களில் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு.

இந்தக் கையை அவனுக்குத் தெரியும். வீட்டு ஆல்பத்தில் ஒன்பது வருஷமாக இதே கை, இதே பானெட். ஓட்டத் தெரிந்தவன் உள்ளே உட்கார்ந்து, ஜன்னல் வழியாக முழங்கையை நீட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வான். தெரியாதவன்தான் சாய்ந்து நிற்பான்.

இருபத்திரண்டு படங்களில் ஒன்றில்கூட டாக்டர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இல்லை.

"முதலாளி" என்றான் மெதுவாக. "பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்வாங்க. இங்கே நான் ஒரு கால் பார்த்துட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் அவன் காது சிவந்துவிட்டது.

அவள் சிரித்தாள். எந்தச் சிரிப்புக்காக அவன் குனிந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டானோ, அந்தச் சிரிப்பு. பிறகு தள்ளிப் போய் டீச்சருக்கு போன் போட்டு இரண்டு நிமிஷம் பேசினாள். திரும்பி வந்து, மாஸ்டரைத் தவிர மற்ற மூன்று பேரையும் டீ குடிக்க அனுப்பச் சொன்னாள், அவன் செலவில்.

கால் மணி நேரத்தில் வாசலில் ஹாரன் அலறியது. யாரிடமோ இரவல் வாங்கிய வேனில் டீச்சர். வைத்த கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தாள். தெருவில் தலைகள் எட்டிப் பார்த்தன.

"யார் வண்டி அது, வாசலை அடைச்சுக்கிட்டு?" என்று கத்தினார் டாக்டர்.

"என்னுதுதான்" என்றாள் முதலாளி, பயந்த குரலில். அவள் பயந்து அவன் பார்த்ததே இல்லை. "கை திடீர்னு சுளுக்கிக்கிச்சு டாக்டர். ஸ்டியரிங்கைத் திருப்ப முடியலை."

"உங்க வீட்டுக்காரர் எடுக்கட்டுமே!"

எல்லோரும் அசிஸ்டென்ட்டைப் பார்த்தார்கள். 'டிராஃபிக் அலர்ஜி' தொண்டை வரை வந்தது. விழுங்கினான்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றான். சத்தமாக. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மீசை வெச்ச ஆம்பளை, காரை ஓட்டத் தெரியாதா? பொண்டாட்டி ஓட்ட, பையை மடியில வெச்சுக்கிட்டு வர்றீங்களாக்கும்!"

"ஆமாங்க. பை கனமில்லை."

"அப்ப நீங்கதான் டாக்டர் எடுக்கணும்" என்றாள் முதலாளி. சாவி பறந்து போய் டாக்டரின் கையில் விழுந்தது. "ரெண்டே அடி ஓரமா விட்டாப் போதும்."

"டேய், யாருடா அங்கே?" என்றார் டாக்டர். யாரும் இல்லை. டீக்கடையில் இருந்தார்கள்.

"நான் எடுக்கறேன் முதலாளி" என்று மாஸ்டர் பாய்ந்து வந்தார்.

"நீங்க இப்பத்தான் வேலையை விட்டு நின்னுட்டீங்களே" என்றான் அசிஸ்டென்ட், மிகுந்த வருத்தத்தோடு.

ஹாரன் அலறியது. சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தில் காயவில்லை; இப்போது மறுத்தால் அந்தச் சிரிப்பு திரும்பி வந்து தன்மேலேயே விழும். டாக்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தார். கம்பீரமாக உட்கார்ந்தார். படாரென்று கதவை மூடினார். சாவியை நீட்டித் துவாரத்தைத் தேடினார்.

அங்கே துவாரம் இல்லை. ஸ்டியரிங்கும் இல்லை. ஒரு கைப்பையும் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும்தான் இருந்தன.

ஹாரன் நின்றது.

"முதலாளி" என்றார் மாஸ்டர், அழுகிற குரலில். "அந்தப் பக்கம்."

டாக்டர் இறங்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதலாளி ஜன்னல் அருகே போய்க் குனிந்தாள். குரலில் பயமெல்லாம் போய்விட்டிருந்தது. "வெள்ளிக்கிழமை யார் ஓட்டினது டாக்டர்?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பின் குழாயை விரலில் சுற்றினார்.

"பத்தொன்பது வயசுல அப்பாவோட வண்டியைத் தொட்டேன். ஒரு கஸ்டமர் வண்டியில மோதினேன். அத்தனை பேர் முன்னால அறைஞ்சார். அப்புறம் தொடலை. இன்ஜினை அக்குவேறு ஆணிவேறா தெரிஞ்சவனுக்கு ஓட்டத் தெரியுமான்னு யாரும் கேக்கலை. நானும் சொல்லலை. இப்ப என் பொண்ணு முதல் சம்பளத்துல கார் வாங்கப் போறா. ஷோரூம்லேர்ந்து அப்பாதான் ஓட்டிக்கிட்டு வரணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா."

"அந்த நேரத்துல ரெண்டு பிரேக் இருக்கற வண்டி தானா வாசலுக்கு வந்துது."

"கடவுளே அனுப்பின மாதிரி இருந்துதும்மா."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார் மாஸ்டர். "ஆளுங்க போனப்புறம் முற்றத்துக்குள்ளயே ஓட்டினோம். பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டாரு. நான் என் பக்கத்து பிரேக்கை மிதிச்சேன். அது சும்மா ஊஞ்சலாடுது. கிளட்ச் வேலைக்காக அதோட கம்பியை நானேதான் கழட்டி வெச்சிருந்தேன். திரும்ப மாட்டறதுக்கு முன்னாலயே ஏறி உட்கார்ந்துட்டோம். இடிச்சப்புறம் மாட்டினேன். தண்ணி சொட்டலையேன்னு ரேடியேட்டரைப் பார்க்காம விட்டுட்டேன். மறுநாள் சூடு ஏறினப்புறம்தான் ஒழுகியிருக்கு."

வேனிலிருந்து இறங்கி வந்த டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "ஏறினதும் நான் முதல்ல என் பிரேக்கை மிதிச்சுப் பார்ப்பேன் மாஸ்டர். அப்புறம்தான் அவங்களை வண்டியைக் கிளப்பச் சொல்வேன். தினமும். ஒவ்வொரு ஆளுக்கும். கத்துக்குடுக்கறவளே கத்துக்கணும்னீங்களே டாக்டர், நான் கத்துக்கிட்டது அதைத்தான்."

டாக்டர் தலை நிமிரவில்லை. "இன்ஜின், ரேடியேட்டர், பம்பர், எல்லாம் என் பொறுப்பு. டெஸ்ட் வரைக்கும் வேற காருக்கு ரெண்டாவது பிரேக் வெச்சுத் தர்றேன். இங்கேதான் இடிச்சதுன்னு பட்டறைத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடறேன். எனக்கு ஓட்டத் தெரியாதுங்கறதை மட்டும் எழுத வேண்டாம்மா. தெருவுல நடக்க முடியாது."

"எழுதவே வேண்டாம்" என்றாள் டீச்சர். "சொன்னாப் போதும். ஒரே ஒருத்தர்கிட்ட."

போனில் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டு ஜன்னல் வழியாக நீட்டினாள். மறுமுனையில் அழுது தடித்த ஒரு குரல் "சொல்லுங்க டீச்சர்" என்றது.

"மாஸ்டர் பேசட்டுமே" என்று கெஞ்சினார் டாக்டர்.

"அவருக்கு ஓட்டத் தெரியும். அவர் சொன்னா அவங்களுக்குப் பயம் போகாது."

டாக்டர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "நர்ஸம்மா, நான் இன்ஜின் டாக்டர். அந்த வண்டியை நீங்க ஒண்ணும் பண்ணலை. முதல் நாளே நான்தான் இடிச்சுட்டேன். எனக்கு, வந்து, ஓட்டத் தெரியாது. பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டேன். ஊரெல்லாம் உங்க மேல பழி போட்டதும் நான்தான். மன்னிச்சுடுங்க."

போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் அசிஸ்டென்ட் முதலில் நினைத்தான். நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாமல், மூச்சு வாங்க.

"நான்கூட அந்தத் தப்பைப் பண்ணினதில்லையே டீச்சர்!" என்றாள். "நாளைக்குக் கிளாஸ் எத்தனை மணிக்கு?"

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டர் மெதுவாகக் குனிந்து, "நான் வேலையை விட்டு நிக்கணுமா முதலாளி?" என்று கேட்டார்.

"வாயை மூடுடா" என்றார் டாக்டர். "நாளைக்குத் தொட்டியைப் பழைய இடத்துலயே வை." பிறகு டீச்சரைப் பார்த்து, "எனக்கும் ஒரு கிளாஸ் கிடைக்குமா? காலையில, யாரும் பார்க்காத நேரத்துல?" என்றார்.

"கிடைக்கும். நர்ஸோட பேட்ச்ல. பின் சீட்டுல உட்கார்ந்து அவங்க ஓட்டறதை முதல்ல பாருங்க."

தாளில் கையெழுத்து வாங்கி, டீச்சர் அதை நாலாக மடித்துப் பத்திரப்படுத்துகிற வரையில் முதலாளி இருந்தாள். டாக்டர் இந்தத் தடவை அவள் காரிலிருந்து இறங்கிப் போய், குனிந்து, டீச்சர் காரின் பம்பர் அடியைக் கையால் தடவிப் பார்த்தார்.

கிளம்பும்போது அசிஸ்டென்ட் பின்தங்கினான். பிஸ்கட் பாக்கெட்டை டாக்டர் நசுக்கிவிட்டாரா என்று கவலைப்படுவது போல ஒரு பாவனை. உள்ளுக்குள் கவலை வேறு. சத்தமாகச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. 'உனக்கு எப்பலேர்ந்து தெரியும்' என்று கேட்கவும் தைரியம் வரவில்லை. வழக்கம்போலப் போய் வழக்கமான கதவைத் திறந்தான்.

அங்கே அவள் உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கத்து முகத்தோடு. டீச்சரின் டிரைவிங் ஸ்கூல் விண்ணப்பத் தாள் ஒன்று பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அதில் அவன் பெயரை அவள் ஏற்கெனவே நிரப்பியிருந்தாள்.

"அலமாரியை நான்தானே அடுக்கறேன்" என்றாள். "மூணு லைசென்ஸையும் பார்த்தேன்."

"எப்போ?"

"மூணு தடவையும்."

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான், டாக்டரின் படங்களில் இருப்பதைப் போலவே.

"சாவி என்கிட்டதான் இருக்கு, கிளப்பச் சொல்லலை. சும்மா உட்கார்ந்து பாருங்க" என்றாள். "என்னங்க, அந்தப் பக்கம்."